இருபத்து மூன்று மந்தப் போன்கள்

அத்தியாயம் 6

ஷட்டர் இறங்கிக்கொண்டிருந்தது. தரைக்கும் அதற்கும் முக்கால் அடி இருக்கும்போது ஷஃபீகா தன் குடையைக் குறுக்கே செருகினாள்.

இரும்புக் கம்பி வைத்த பழைய குடை. ஷட்டர் 'ணங்'கென்று நின்றது. அதை இழுத்துக்கொண்டிருந்த கிங்ஸ்டனும் நின்றார்.

"யாரும்மா நீ? குடைய எடு."

"எடுத்துருதேன் அண்ணாச்சி. உள்ள ஒரு பொம்பளை உக்காந்திருக்கா. அவளயும் சேத்துப் பூட்டினா அதுக்கு வேற செக்ஷன், வேற போலீஸ் ஸ்டேஷன். பரவால்லியா?"

கிங்ஸ்டன் கையை எடுத்தார். சாந்தபுரம் ஊர்க் கமிட்டிச் செயலாளர் அவர். அதற்கு முன் முப்பத்து மூன்று வருஷம் அரசு அலுவலகத்தில் குமாஸ்தா. ஒரு கோப்பைத் தன் மேசையிலிருந்து பக்கத்து மேசைக்கு நகர்த்த ஏழு மாதம் எடுத்துக்கொண்டவர் என்று துறையில் அவருக்குப் பெயர் உண்டு. அப்பேர்ப்பட்டவர், தன் போன் திறக்கப் பத்து விநாடி ஆகிறது என்று கொதித்துக்கொண்டிருந்தார்.

அவருக்குப் பின்னால் இருபது பெண்கள். இருபது கைகளில் இருபது போன்கள்.

"என் போனுக்குள்ள இருந்த நல்ல சாமானை உருவிட்டு ஓட்டை சாமானைப் போட்டுட்டா!"

"டவர்ல காக்கா கூடு கட்டியிருக்குன்னுல்லா சொன்னாவ?"

"காக்கா கட்டினா சிக்னல்தாம்ட்டி போவும். இது போனே மந்தமாயிட்டு. சவம், தொட்டா தொறக்க மாட்டேங்கு!"

ஷஃபீகாவின் பக்கத்தில் நின்ற மாரிக்கண்ணு மெதுவாகக் குனிந்தான். "யக்கா, இவ்வளவு வேகமா சண்டை போடுதவிய போன் மட்டும் ஏன் மெதுவாயிட்டு?"

மாரிக்கண்ணு அவளுடைய உதவியாளன். சொந்தமாக ஆட்டோவும் அடுத்தவர் விஷயத்தில் அக்கறையும் உள்ளவன். ஷஃபீகா மேலப்பாளையத்தில் துப்பறியும் அலுவலகம் வைத்திருப்பவள். அதற்கு முன் ஒன்பது வருஷம் ஒரு செல்போன் கம்பெனியின் வாடிக்கையாளர் சேவையில் இருந்தாள். காதில் மாட்டிய கருவியோடு நாளைக்கு நூற்றிருபது பேரின் பொய்களைக் கேட்ட அனுபவம்.

காலை ஏழு மணிக்குக் கூடங்குளத்திலிருந்து அவளுக்குப் போன் வந்திருந்தது. பேசியவன் ஜெபஸ்டின். வெல்டர். குரலில் பாதி அழுகை.

"அக்கா, எங்கூட்டுக்காரி டார்லின் சாந்தபுரத்துல மொபைல் கடை வச்சிருக்கா. வியாழக்கிழமை நாப்பத்தோரு போனுக்கு அப்டேட் பண்ணிக் கொடுத்தா. அதுல இருபத்து மூணு மந்தமாயிட்டு. ஊரே அவ மேல பாயுது. இன்னைக்கு அஞ்சு மணிக்குக் கமிட்டி கூடி கடையப் பிடுங்கப் போறாவ. கடை ஊர்ப் பொதுக் கட்டடம். நான் என்ன கேட்டாலும் அவ வாயத் தொறக்க மாட்டேங்கா."

இப்போது மணி பத்தரை. டார்லின் கடைக்குள் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். முப்பது வயது. கையில் ஸ்க்ரூ டிரைவர். முகத்தில் எந்த எழுத்தும் இல்லை.

"அண்ணாச்சி," என்றாள் ஷஃபீகா. "அஞ்சு மணிக்குத்தான கமிட்டி? அது வரைக்கும் ஷட்டர் இப்படியே நிக்கட்டும். உங்க போனைக் கொஞ்சம் கொடுங்க."

கிங்ஸ்டன் மனமில்லாமல் கொடுத்தார்.

அவள் செய்திப் பெட்டியைத் தொட்டாள். திரை அசைந்தது. விளிம்பு விரிந்தது. நின்றது. இன்னும் கொஞ்சம் விரிந்தது. நெல்லையப்பர் தேர் நிலையை விட்டுப் புறப்படுவது போல ஒரு புறப்பாடு.

"வடம் பிடிக்க ஆள் கூப்பிடட்டுமா யக்கா?"

"பேசாம இருலே. அண்ணாச்சி, இதுல ஒரு பாட்டு போடுங்க."

"பாட்டா? இங்கன என்ன கல்யாணமா நடக்கு?"

"போடுங்களேன்."

கிங்ஸ்டன் ஒரு கீர்த்தனையைப் போட்டார். நாலு நிமிஷம் பன்னிரண்டு விநாடி என்று திரையில் இருந்தது. மாரிக்கண்ணு கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். கூட்டம் கோபத்தை மறந்து கூடவே பாடத் தொடங்கியது. இரண்டாவது சரணத்தில் ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நாலு நிமிஷம் பன்னெண்டு விநாடி யக்கா. இம்மி பிசகல."

"பாட்டு தடங்குச்சா? விக்குச்சா?"

"இல்லியே. படமும் சும்மா ஜம்முன்னு ஓடுச்சு."

ஷஃபீகா தலையை ஆட்டினாள். மூளை மந்தமான போன் பாட்டைத் திக்கித் திக்கித்தான் பாடும். இந்த போனின் வீடு நன்றாகத்தான் இருக்கிறது. கதவுகள் மட்டும் மெதுவாகத் திறக்கின்றன.

"அடுத்து யாரு போனு?"

"எனக்குப் பாரும்மா," என்று ஞானம்பாள் முன்னால் வந்தாள். எழுபது வயதுக்கு எழுபது கிலோ. "என் போனு அப்டேட்டுக்கு அப்புறம் ஆமை மாதிரி ஆயிட்டு."

ஷஃபீகா போனுக்குள் போய்ப் பார்த்தாள். புருவம் உயர்ந்தது.

"அப்டேட் ஆன போனா இது? இடம் இல்லன்னு பாதியில நின்னு போயிருக்கு. பழைய சாஃப்ட்வேர்தான் ஓடுது. உள்ள காலை வணக்கம் படம் மட்டும் ஒம்பதாயிரம் கெடக்கு."

மாரிக்கண்ணு எட்டிப் பார்த்தான். "ஒம்பதாயிரத்துல ரோஜாப்பூ எத்தனை இருக்கும் யக்கா? தோவாளைச் சந்தையில கூட இவ்வளவு பூ வராது."

"ஒண்ணையும் அழிச்சிராத," என்றாள் ஞானம்பாள் பதறிப் போய். "எல்லாம் அனுப்பினவிய மொகத்துக்காக வச்சிருக்கேன்."

ஷஃபீகா திரும்பி டார்லினைப் பார்த்தாள். "இதுல அப்டேட் ஏறலன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"ஊர்ல சொல்லியிருக்கலாம்லா? அப்டேட்டே ஏறாத போனும் மந்தமாயிருக்கு, அப்ப அப்டேட் காரணமில்லன்னு?"

டார்லின் ஸ்க்ரூ டிரைவரை டப்பாவுக்குள் வைத்தாள். மூடியை மூடினாள்.

ஷஃபீகா யாரும் பார்க்காதபடி ஞானம்பாளின் போனில் ஒரு காரியம் செய்தாள். போனின் விவரங்கள் இருக்கும் பக்கத்துக்குப் போய், பதிப்பு எண்ணின் மேல் ஏழு முறை தட்டினாள். சேவை மையத்தில் வேலை பார்த்தவர்களுக்கும் பழுது பார்ப்பவர்களுக்கும் தெரிந்த தந்திரம் அது. தட்டினால் ஒளிந்திருக்கும் ஒரு பட்டியல் திறக்கும். அதில் திரை எவ்வளவு வேகமாக அசைய வேண்டும் என்று ஓர் இடம் உண்டு. சாதாரணமாக அங்கே ஒன்று என்று இருக்கும்.

ஞானம்பாளின் போனில் பத்து என்று இருந்தது.

கிங்ஸ்டனின் போனிலும் பத்து.

போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "சாயங்காலம் அஞ்சு மணிக்குக் கமிட்டியில சொல்லுதேன்," என்றாள். குடையை உருவிக்கொண்டு ஆட்டோவை நோக்கி நடந்தாள்.

*

ஆட்டோ கன்னடியன் கால்வாய்க் கரையில் வேப்பமர நிழலில் நின்றது.

"அப்ப அப்டேட் நிரபராதி," என்றான் மாரிக்கண்ணு, எல்லாம் கேட்டு முடித்ததும். "யாரோ கையால உள்ள போயி ஒண்ணைப் பத்தாக்கியிருக்காவ. இத அங்கனயே சொல்லியிருக்கலாம்லா?"

"சொன்னா அடுத்த கேள்வி என்ன? யாரு கைன்னு கேப்பாவ. அந்தக் கூட்டத்துக்குத் தெரிஞ்ச ஒரே கை டார்லின் கை. ஷட்டரப் பூட்டி நாலு ஆணியும் அடிச்சிருப்பாவ."

"ஒருவேள அவளே பண்ணியிருந்தா?"

"எதுக்கு? தன் கடைக்குத் தானே தீ வைக்கவா? பண்ணினா நாப்பத்தொண்ணுக்கும்லா பண்ணியிருப்பா. பதினெட்டை ஏன் விட்டா?" ஷஃபீகா தன் போனை எடுத்தாள். "அந்தப் பதினெட்டுல ஒருத்திக்கு இப்பப் போன் போடுவோம்."

சேரன்மகாதேவியில் இருக்கும் ஹமீது பீவி முதல் மணியிலேயே எடுத்தாள்.

"மாமி, டார்லின்ட்ட அப்டேட் பண்ணினியளே, போனு எப்படி இருக்கு?"

"பறக்குதும்மா, அல்ஹம்துலில்லாஹ். நேத்து துபாய்ல இருக்க மவனுக்கு வீடியோ போட்டேன். நான் பேச வாயத் தொறக்கதுக்குள்ள அவன் கட் பண்ணிட்டான். அவ்வளவு வேகம்."

ஷஃபீகா நன்றி சொல்லி வைத்தாள். "கேட்டியால? இந்த போனும் அதே கடை, அதே நாள், அதே கை. ஆனா பறக்கு. அப்ப அந்த இருபத்து மூணும் கடைக்கு வெளிய எங்கயோ ஒண்ணா கூடியிருக்கு."

"இருபத்து மூணுல இருபத்திரண்டு பொம்பளையாளு போனு. கிங்ஸ்டன் அண்ணாச்சி ஒருத்தருதுதான் ஆம்பள போனு."

"அதான் வால். பிடி."

வாலைப் பிடிக்க அவர்கள் கிங்ஸ்டனின் வீட்டுக்குப் போனார்கள். அவர் இல்லை. மனைவி பிரிஸில்லா முற்றத்தில் முறுக்கு பிழிந்துகொண்டிருந்தாள்.

"எங்க வீட்டுக்காரரு ஆபீஸ்ல எப்படியோ, வீட்லயும் அப்படித்தான்," என்றாள் கேள்வி கேட்பதற்கு முன்பே. "ஒரு பல்ப் மாத்த ரெண்டு வருசம். போனு மட்டும் அவியளுக்கு உடனே தொறக்கணும்."

"அவுங்க போனு வியாழக்கிழமை எங்க இருந்துச்சு அக்கா?"

பிரிஸில்லா முறுக்கு உழக்கைக் கீழே வைத்தாள். "எங்கிட்டத்தான் இருந்துச்சு. ஏன்?"

"உங்க போனு?"

"இட்லி மாவுச் சட்டியில விழுந்துட்டு. போட்டிக்கு ஒரு போனு வேணும்லா? அதான் அவிய போனைப் பிடுங்கிட்டுப் போயி டார்லின்ட்ட அப்டேட் பண்ணி, வாங்கின கையோட மூணு மணி பெண்கள் சங்கக் கூட்டத்துக்குப் போனேன். எல்லாவளும் அப்படித்தான் வந்தா."

"என்ன போட்டி அக்கா?"

பிரிஸில்லா அவளைப் பரிதாபமாகப் பார்த்தாள். பிறகு நினைவு வந்து, "ஓ, நீங்க மேலப்பாளையமா," என்று மன்னித்தாள். "சர்ச் அறுப்பின் பண்டிகைக்கு இன்னைக்கு நாலு மணிக்கு நடக்குத வேத வசனம் தேடுத போட்டி. அதிகாரமும் வசனமும் சொல்லுவாவ. யாரு மொதல்ல கண்டுபிடிச்சு எந்திரிச்சு வாசிக்காளோ அவளுக்குப் பாயிண்ட். பதினோரு வருசமா சாரம்மாள் டீச்சர்தான் ஜெயிக்காவ. இந்த வருசம் போன்லயும் தேடலாம்னு புது விதி. நாங்க இருபத்து மூணு பேரு போனு. டீச்சர் ஒருத்திதான் புத்தகம்."

மாரிக்கண்ணுவின் காது விடைத்தது. "எத்தனை பேருன்னிய?"

"இருபத்து மூணு. மண்டபத்து போர்டுல ஒட்டியிருக்கே."

"கூட்டத்துல போனைக் கையிலதான் வச்சிருப்பியளா?" என்றாள் ஷஃபீகா.

"டீச்சர் விடுவாவளா? ஜெபத்துல மணியடிக்கும்னு வாசல்லயே ஓலைப்பெட்டில வாங்கி வச்சிருவாவ. பெட்டி அவிய மடியிலதான் இருக்கும். அஞ்சு மணிக்குத்தான் திருப்பித் தருவாவ."

"போனுக்கெல்லாம் பூட்டு இருக்குமே?"

"என்ன பெரிய பூட்டு? எல்லாரு போனுக்கும் ஒண்ணு ரெண்டு மூணு நாலுதான். மறந்திரும்லா?"

ஆட்டோவில் ஏறியதும் மாரிக்கண்ணு துள்ளினான். "கேஸ் முடிஞ்சுது யக்கா! பதினோரு வருச சாம்பியன். புது விதி வந்துட்டு. போன்காரிய ஜெயிச்சிருவாவன்னு பயம். ரெண்டு மணி நேரம் இருபத்து மூணு போனும் மடியில. ஒண்ணைப் பத்தாக்கிருச்சு கிழவி! ரிட்டயர்டு டீச்சர் மூளை, கேக்கவா வேணும்?"

"காரணம் இருக்கு. கைக்கு எட்டுத தூரமும் இருக்கு," என்றாள் ஷஃபீகா. "போட்டி எத்தனை மணிக்குன்னாவ?"

"நாலு."

"கமிட்டி அஞ்சு. போட்டி முடிஞ்ச கையோட டீச்சர ஓரமா கூட்டிட்டுப் போயி ஒத்துக்கிட வைக்கணும். அவிய ஒத்துக்கிட்டா டார்லின் கடை தப்பும்."

*

மண்டபத்தில் தோரணமும் வாழைக்குலையும் பூசணிக்காயும் குவிந்திருந்தன. சாரம்மாள் டீச்சர் முன் வரிசை ஓரத்தில் நேராக நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். வெள்ளைச் சேலை. பளபளவென்று துடைத்த மூக்குக் கண்ணாடி. மடியில் கறுப்பு அட்டை போட்ட தடித்த வேதப்புத்தகம்.

"ஸ்தோத்திரம் டீச்சர்," என்றான் மாரிக்கண்ணு, தன்னால் முடிந்த பக்தியோடு.

"நீ யாருலே? ஒங்குரல் புதுசா இருக்கு."

"ஆட்டோக்காரன் டீச்சர்."

"அப்ப மண்டபத்துக்குள்ள என்ன? சவாரி எதுவும் இங்கன கெடையாது. பக்கத்துல யாரு?"

"நான் ஷஃபீகா, டீச்சர்." அவள் குடையை ஊன்ற, அதன் இரும்பு நுனி தரையில் 'டக்'கென்றது.

"மேலப்பாளையமா? பேச்சே சொல்லுதே. வாம்மா. அந்தக் குடைய மூலையில சாத்து, வருதவ இடறி விழுவா."

"வியாழக்கிழமை போன் பெட்டி உங்க மடியிலதான் இருந்துச்சாமே?"

"இருந்துச்சு. முப்பத்தஞ்சு வருசம் பிள்ளையள்ட்ட இருந்து பம்பரமும் கோலிக்காயும் பிடுங்கின கை. இப்ப அம்மைமாருட்ட போனைப் பிடுங்குது. பிள்ளையளாவது ஒடனே குடுக்கும்." டீச்சர் வேறு பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள். "வீடியோ எடுக்கது யாருலே? நல்லா எடு. நான் வாசிக்கது சத்தமா விழணும். பெங்களூருக்கு அனுப்பணும்."

மாரிக்கண்ணு ஷஃபீகாவின் காதைக் கடித்தான். "விளம்பரத்துக்கும் குறைச்சல் இல்ல."

போட்டி தொடங்கியது. மேடையிலிருந்து சர்ச் போதகர் ஐயர் அதிகாரமும் வசனமும் சொன்னார். இருபத்து மூன்று விரல்கள் இருபத்து மூன்று திரைகளில் பாய்ந்தன. திரைகள் விரிந்தன. இன்னும் விரிந்தன. ஞானம்பாள் தன் போனை உலுக்கினாள். பிரிஸில்லா கணவரின் போனைப் பார்த்து, கணவரைத் திட்டும் அதே வார்த்தைகளால் திட்டினாள்.

சரக் சரக்கென்று நாலு புரட்டல். சாரம்மாள் டீச்சர் எழுந்துவிட்டாள். கணீரென்று வாசித்தாள்.

இரண்டாவது வசனம். மறுபடியும் டீச்சர்.

"கடைசி வசனம் யக்கா. மணி நாலே முக்கால்," என்றான் மாரிக்கண்ணு. "பின்னால போயி நில்லுங்க. எந்திரிச்சதும் அப்படியே அமுக்கிருவோம்."

ஷஃபீகா டீச்சரின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றாள். ஐயர் மூன்றாவதைச் சொன்னார். அதே நேரம் பக்கத்தில் இருந்த ஞானம்பாள் ஆத்திரத்தில் போனைப் பெஞ்சில் அடிக்க, அவள் முழங்கை இடித்து டீச்சரின் புத்தகம் கீழே விழுந்தது. டீச்சர் குனிந்தாள். தடவி எடுத்தாள். விரித்தாள். எழுந்தாள். வாசித்தாள், ஒரு சொல் தடங்காமல்.

மண்டபத்தில் எல்லோரும் குனிந்து தங்கள் போன்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த வசனம் அவர்களுக்குக் கேட்டுப் பழகியது. ஷஃபீகாவுக்கு அது புதுசு. கேட்டுக்கொண்டே, எந்த வரி என்று பார்க்க டீச்சரின் தோளுக்கு மேலாக எட்டி, விரிந்திருந்த பக்கத்தைப் பார்த்தாள்.

பார்த்தவள் இரண்டடி பின்னால் வந்தாள்.

கைத்தட்டல் மண்டபத்தை நிறைத்தது. பன்னிரண்டாவது வருஷம். பரிசு ஒரு குக்கர்.

"இப்ப கேளுங்க யக்கா!" என்று மாரிக்கண்ணு இடித்தான்.

"வேண்டாம். வா போவோம்."

"டீச்சரக் கேக்கலியா?"

"கேட்டாச்சு."

"எப்ப?"

ஷஃபீகா மூலையில் இருந்த குடையை எடுத்துக்கொண்டாள். "கமிட்டியில நான் என்ன சொன்னாலும் நீ வாயத் தொறக்காத. தொறந்தா இந்தக் குடைய உள்ள விட்டுருவேன்."

*

ஐந்து மணி. கமிட்டி மேசையில் மிக்சரும் காபியும் தீர்மான நோட்டும் இருந்தன. கிங்ஸ்டன் பேனா மூடியைக் கழற்றி வைத்திருந்தார். டார்லின் சுவரோரம் நின்றாள்.

"சொல்லும்மா," என்றார் கிங்ஸ்டன். "யாரு குத்தவாளி?"

ஷஃபீகா தொண்டையைச் செருமிக்கொண்டு, ஒன்பது வருஷம் பேசிப் பழகிய அந்தக் குரலை எடுத்தாள். தேன் தடவிய, உயிரில்லாத குரல்.

"அப்டேட்தான் அண்ணாச்சி. தங்கள் சாதனத்தில் மேலும் மேம்பட்ட அனுபவத்தை வழங்கும் பொருட்டு, திரை அசைவுகள் செழுமைப்படுத்தப்பட்டுள்ளன. கம்பெனிக்காரன் செஞ்ச வேலை. டார்லினுக்கு இதுல சம்பந்தமே கிடையாது."

மாரிக்கண்ணு மிக்சரை வாயில் போட்டு அடைத்துக்கொண்டான்.

"அதெப்படி?" என்றாள் ஞானம்பாள். "என் போன்ல அப்டேட்டே ஏறலன்னு நீதான சொன்ன?"

ஷஃபீகா கண் இமைக்கவில்லை.

"வியாழக்கிழமை மத்த போனோட சேத்து ஒரே பெட்டில கெடந்துச்சுல்லா? பக்கத்து போனுல இருந்து தொத்தியிருக்கும்."

மேசையைச் சுற்றி எல்லாத் தலைகளும் மெல்ல ஆடின. 'நானும் அப்பவே நெனச்சேன்' என்று மூன்று பேர் சொன்னார்கள். அடுத்த வாரத்திலிருந்து பெட்டிக்குள் வேப்பிலை போட வேண்டும் என்று ஒருவர் யோசனை சொன்னார். அது தீர்மானமாகவே ஏறியது.

கிங்ஸ்டன் மட்டும் விடவில்லை. "நான் கம்பெனிட்டயே கேக்கேன்," என்று போன் போட்டு, ஒலிபெருக்கியில் வைத்தார்.

"தங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியமானது. தாங்கள் வரிசையில் இருநூற்றுப் பதினான்காவது இடத்தில் உள்ளீர்கள்."

வீணை இசை. ஐந்து நிமிஷம் கழித்து, இருநூற்றுப் பதினைந்தாவது இடம்.

கிங்ஸ்டனின் முகம் மாறிக்கொண்டே வந்தது. கோபம் போயிற்று. சந்தேகம் போயிற்று. கடைசியில் அங்கே ஒரு பெரிய மரியாதை வந்து உட்கார்ந்தது. தன் இனத்தை அடையாளம் கண்டுகொண்டவரின் மரியாதை.

"இவன்தான்வே செஞ்சிருப்பான்," என்றார் மற்றவர்களிடம். "நின்னு வெளையாடுதான் பாத்தீரா? நாம கடிதாசி போடுவோம். பதில் வராது. இருந்தாலும் போடுவோம்."

கம்பெனியைக் கண்டித்து ஒரு தீர்மானம். தபாலில் அனுப்ப ஒரு தீர்மானம். டார்லின் இருபத்து மூன்று போன்களையும் இன்றே சரி செய்து கொடுக்க வேண்டும், கடை அவளிடமே இருக்கலாம் என்று ஒரு தீர்மானம். ஐந்து இருபதுக்குக் கூட்டம் கலைந்தது.

*

ஷட்டர் முழுவதும் மேலே போயிருந்தது. டார்லின் மேசையில் போன்களை அடுக்கி வைத்து ஒவ்வொன்றாக எடுத்தாள். பதிப்பு எண்ணின் மேல் அவள் விரல் தட்டியது. ஒன்று, இரண்டு, மூன்று. கண் திரையில்கூட இல்லை. பழகின விரல்.

"வியாழக்கிழமை பண்ணினதும் இதே வேகத்துலதானா?" என்றாள் ஷஃபீகா.

விரல் நின்றது.

மாரிக்கண்ணு வாயில் இருந்த டீயை விழுங்க மறந்தான். "யக்கா... டார்லினா? கடைக்குத் தானே தீ வைப்பாளான்னு நீங்கதான கேட்டிய?"

"வச்சிருக்காளே. போட்டிக்குப் பேரு கொடுத்த இருபத்து மூணு போனை மட்டும் பாத்துப் பாத்து." ஷஃபீகா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "காலைல வாயத் தொறந்திருந்தா யாரு கைன்னு பேச்சு வரும். பேச்சு வந்தா யாருக்காகன்னு வரும். அதுக்குக் கடையே போட்டும்னு இருந்துட்டா."

டார்லின் தலையை நிமிர்த்தவில்லை. "போனு பழுது பாக்குதவ ஊர்ல எல்லாரு வீட்டு ரகசியத்தயும் பாக்கா. ஒண்ண வெளிய சொன்னா நாளைக்கு எவளும் போனைக் கையில தர மாட்டா அக்கா. அதோட, டீச்சருக்கு இது ஒண்ணும் தெரியாது. அவிய கேக்கவும் இல்ல. நானாத்தான் பண்ணினேன்."

"அந்தக் குக்கருக்காகவா?" என்றான் மாரிக்கண்ணு.

"பெங்களூர் மவனுக்காக. வருசா வருசம் அந்த வீடியோவப் பாத்துதான், அம்மா நல்லாத்தான் இருக்கான்னு அவியள இங்கன விட்டு வச்சிருக்கான். போன்காரிய முந்திட்டா டீச்சர் எந்திரிக்கவே முடியாது. வாசிக்குத வீடியோ போகலன்னா மறுநாளே கார்ல வந்துருவான். வீட்டப் பூட்டிட்டு அவியள ஏதாவது இல்லத்துல கொண்டு போயி விட்டுருவான்."

"அம்மா வாசிக்கதப் பாத்தா மவனுக்கு என்ன தெரிஞ்சிரும்?"

பதிலை ஷஃபீகா சொன்னாள்.

"மூணாவது வசனத்துக்குப் புத்தகம் கீழ விழுந்துச்சுல்லா? அவசரத்துல எடுத்து விரிச்சாவ. ஒரு எழுத்து விடாம வாசிச்சாவ. நான் பின்னால நின்னு அந்தப் பக்கத்தப் பாத்தேன். அதுல வசனமே இல்ல. புத்தகத்துக் கடைசில இருக்க வரைபடம். பாதிப் பக்கம் நீலக் கடல்."

மாரிக்கண்ணு ஷஃபீகாவைப் பார்த்தான். டார்லினைப் பார்த்தான்.

டார்லின் அடுத்த போனை எடுத்து, பத்தை ஒன்றாக்கினாள்.

"ஒண்ணரை வருசமாச்சு," என்றாள். "டீச்சருக்குக் கண்ணு சுத்தமா தெரியாது."